வண்டிக்கு நல்ல மதிப்பெண், சுங்க அட்டைக்குத் தேர்ச்சி இல்லை: கிருஷ்ணகிரியில் ஒரு பயண முகவரின் சேவை

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் அது பெங்களூருவின் வடக்கே உள்ள தேவனஹள்ளிதான். சேலத்தில் ஒரு விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து வெளிநாட்டுக்கு விமானம் கிடையாது. சென்னையோ ஏறக்குறைய இரு மடங்கு தூரம். ஆகவே வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படுகிறவர்கள் சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு நகரத்தைத் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை கடந்துதான் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. இந்தப் பயணத்தை நம்பியே எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பல பயண முகவர் கடைகள் நடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் சேவையை 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி வரை நானும் என் மனைவியும் பயன்படுத்தினோம். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. உரிமையாளர் நாணயமானவர், அவர் செய்த பிழையை மற்றக் கடைகளும் செய்கின்றன என்பதைப் பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கடை தரும் சேவை மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பயணச்சீட்டும் விசாவும். இரண்டாவது, வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்தில் இறக்கிவிடும் வண்டியும், திரும்பும்போது அழைத்து வரும் வண்டியும். மூன்றாவது, இருபுறமும் அச்சிட்டு லேமினேட் செய்த ஓர் அட்டை. ‘வெளிநாட்டிலிருந்து வரி இல்லாமல் என்னென்ன கொண்டு வரலாம்’ என்று அதன் தலைப்பில் இருக்கும். கடைக்காரர் மிகவும் பெருமைப்படுவது இந்த மூன்றாவதைப் பற்றித்தான். ‘இதை எந்தக் கடையிலும் தர மாட்டாங்க சார்’ என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார். எனக்கு 11,165 ரூபாய் செலவு வைத்ததும் அதுவேதான்.

முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயணச்சீட்டின் விலை நான் இணையத்தில் பார்த்த விலையைவிடச் சில நூறு ரூபாய்தான் அதிகம். பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தபோது அன்றைக்கே திருத்திக் கொடுத்தார்கள். வண்டிக்குச் சுங்கச்சாவடிக் கட்டணம் உட்பட 4,500 ரூபாய். இரவு விமானத்துக்கு மாலை நான்கு மணிக்கே வண்டி வந்து நின்றது. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பால் மேம்பாலத்திலும் சிக்குவோம் என்று கணக்கிட்டுத்தான் ஓட்டுநர் அந்த நேரத்தைச் சொல்லியிருந்தார். சொன்னபடியே இரண்டு இடங்களிலும் சிக்கினோம், சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். வழியில் தேநீருக்கு நிறுத்தச் சொன்னால் முகம் சுளிக்காத ஓட்டுநர்கள் குறைவு. இவர் அந்தக் குறைவானவர்களில் ஒருவர். இந்த இரண்டு சேவைகளையும் யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன். நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சரக்குப்பெட்டிகளில் வளைகுடாவுக்குப் போகும் மாங்கூழுக்கான ஏற்றுமதி ஆவணங்களைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன் என்பதால் சுங்கம் என்ற சொல் எனக்குப் புதிதன்று. ஆனால் ஏற்றுமதிச் சரக்கு வேறு, பயணியின் பெட்டி வேறு. இரண்டாவதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது அட்டையை நம்பியபோது எனக்கே தெரியவில்லை. மகள் துபாயில் இருக்கிறாள். அவளுடைய வளைகாப்புக்கும் பிரசவத்துக்குமாக மூன்று மாதம் தங்கும் திட்டத்தோடு புறப்பட்டோம்.

அட்டையின் முதற்குறை, அது திரும்பும் வழியை மட்டுமே பேசுகிறது என்பது. போகிற நாட்டுக்கும் எல்லை உண்டு, அந்த எல்லையிலும் சுங்க அதிகாரி உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பே அதில் இல்லை. வளைகாப்புக்கு வெற்றிலைக் கட்டும், குருமாவுக்குக் கசகசாவும் என் மனைவி முதலில் பெட்டிக்குள் வைத்தவை. முந்தைய நாள் இரவு மகள் தொலைபேசியில் பட்டியல் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டும் துபாய்வரை போயிருக்கும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் தடைசெய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அப்படியே. வெற்றிலையும் பான் பொருள்களும்கூட அமீரகத்துக்குள் கொண்டுபோகக் கூடாதவை. காவேரிப்பட்டணம் நிப்பட்டுக்கும் ஊறுகாய்க்கும் எந்தத் தடையும் இல்லை. அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அமீரகத்தில் 3,000 திர்ஹம் மதிப்புவரை பரிசுப் பொருள்களையும் 400 சிகரெட்டுகளையும் வரியின்றிக் கொண்டுபோகலாம். சிங்கப்பூரிலோ சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது. ஒரு பாக்கெட் வைத்திருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். ஒரே கடையில் சீட்டு வாங்கி ஒரே வண்டியில் போகும் இரண்டு பயணிகளுக்குச் சட்டம் இப்படி வேறுபடும்போது, எல்லோருக்கும் ஒரே அட்டையைத் தருவது எப்படிப் பொருந்தும்?

அட்டையில் எழுதப்பட்டிருப்பவற்றை, துபாயில் பேத்தி தூங்கும் நேரங்களில், மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில், பயணிகளின் உடைமைகளுக்காக அப்போது நடைமுறையில் இருந்த ‘பேக்கேஜ் விதிகள் 2016’ உடன் வரி வரியாக ஒப்பிட்டேன். இனி நான் விதி என்று சொல்வதெல்லாம் அன்றைக்கு இருந்த விதியையே. அப்போது எனக்குக் கிடைத்தது ஒரு புதைபொருள் ஆய்வின் சுவை என்றுதான் சொல்ல வேண்டும். அட்டையின் முதல் வரி, ‘ஒருவருக்கு ரூ.45,000 வரை பொருள்களுக்கு வரி இல்லை’ என்கிறது. இந்தத் தொகை 2014 ஜூலையில் 35,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டு, 2016 ஏப்ரல் 1 அன்று புதிய விதிகள் வந்து 50,000 ஆகும்வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே முதல் வரி அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது. இரண்டாம் வரி ‘சிகரெட் 200’ என்கிறது. ஆனால் 35,000 ரூபாயை 45,000 ஆக்கிய அதே 2014 வரவுசெலவுத் திட்டம்தான் சிகரெட்டை 200இலிருந்து 100 ஆகவும், சுருட்டை 50இலிருந்து 25 ஆகவும், புகையிலையை 250 கிராமிலிருந்து 125 கிராமாகவும் குறைத்தது. எனவே இரண்டாம் வரி முதல் வரியைவிட மூத்தது. மூன்றாம் வரியில் தங்கநகைக்கு எடைக்கணக்கு இருக்கிறது. அது 2016 விதிகளில்தான் வந்தது. ஒரே அட்டையில் மூன்று காலத்து அடுக்குகள்! ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் யாரோ சொன்ன ஒரு வரியை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன்.

தொகை 45,000 என்று குறைவாக இருப்பதால் பயணிக்கு நட்டம் இல்லை. சிகரெட் 200 என்பது புகைப்பவர்களுக்கு மட்டும் சங்கடம். மது இரண்டு லிட்டர் என்றிருப்பது சரிதான். உண்மையில் ஆபத்தானவை தங்கத்தைப் பற்றிய வரியும், குடும்பக் கணக்கைப் பற்றிய வரியும், டூட்டி ஃப்ரீ கடையைப் பற்றிய வரியும்.

தங்கத்தைப் பற்றி அட்டை சொல்வது இது: ‘ஆண்களுக்கு இரண்டரைப் பவுன், பெண்களுக்கு ஐந்து பவுன் நகை இலவசம்.’ 20 கிராமையும் 40 கிராமையும் எட்டால் வகுத்தால் இந்தப் பவுன் கணக்கு வரும். அந்த அளவில் அது பொய்யன்று. ஆனால் அப்போதைய விதி, எடையைச் சொன்ன கையோடு மதிப்பு வரம்பையும் சொன்னது. ஆணுக்கு 20 கிராம், ஆனால் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. பெண்ணுக்கு 40 கிராம், ஆனால் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. நாங்கள் திரும்பிய 2025 ஜனவரியில் ஆபரணத் தங்கம் கிராமுக்கு ஏழாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. ஏழாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும், ஆணுக்குரிய 50,000 ரூபாயில் ஒரு பவுன்கூட வராது; பெண்ணுக்குரிய ஒரு லட்சத்தில் இரண்டு பவுன் வராது. அட்டை வாக்களிக்கும் ஐந்து பவுனின் மதிப்போ 2,80,000 ரூபாய். விலை ஏற ஏற, எடை வரம்பு காகிதத்தில் மட்டும் இருக்கும் அலங்காரமாகிவிட்டது. அன்றைக்குக் கதவைத் திறந்ததும் மூடியதும் மதிப்பு வரம்புதான்.

இதைவிடப் பெரிய மறைப்பு, இந்தச் சலுகை யாருக்கு என்பது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவருக்குத்தான் இந்த நகைச் சலுகை உண்டு. மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வரும் எங்களைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு அது இல்லை. என் மருமகன் என் மனைவிக்காக மூன்று பவுனில் ஒரு சங்கிலி வாங்கி வைத்திருந்தார். ‘ஐந்து பவுன்வரை இலவசமாம்’ என்று அவரிடம் அட்டையைக் காட்டியது நான்தான். சலுகைக்குத் தகுதியில்லாதவர் கொண்டுவரும் நகைக்கு, பயணப் பெட்டிக்குரிய பொது விகிதமான 38.5 சதவீத வரி விழுந்தால், அந்தச் சங்கிலிக்கு ஏறத்தாழ 65,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்திருக்கும். விதியைப் படித்த மறுநாள் சங்கிலி மகளின் வங்கிப் பெட்டகத்துக்குப் போயிற்று. என் மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

அட்டையில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய செய்தியும் தங்கத்தைப் பற்றியதே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரோ இந்திய வம்சாவளியினரோ ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால், ஒரு கிலோவரை தங்கத்தை அறிவித்து, வெளிநாட்டு நாணயத்தில் சலுகை வரி செலுத்திக் கொண்டுவரலாம். கல்லும் முத்தும் பதித்த நகைகள் மட்டும் இந்தச் சலுகையில் சேரா. அந்த வரி 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. ஒருவர் 38.5 சதவீதம் கட்டுவதும், இன்னொருவர் 6 சதவீதம் கட்டுவதும், அவர் எத்தனை மாதம் வெளியே இருந்தார் என்பதைப் பொறுத்தது. இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வருகிற, போச்சம்பள்ளி, பர்கூர், பாலக்கோடு பக்கத்து இளைஞர்கள். அவர்களுக்குத் தேவைப்படும் செய்தி எதுவோ அதுதான் அட்டையில் இல்லை.

அதே இளைஞர்களுக்கு அப்போது இன்னொரு சலுகையும் இருந்தது. வெளிநாட்டில் தொழில் செய்துவிட்டுத் திரும்புகிறவர், 50,000 ரூபாய் பொதுச் சலுகைக்கு மேல், வீட்டு உபயோகப் பொருள்களைத் தனியாக வரியின்றிக் கொண்டுவர முடிந்தது: மூன்று மாதம் இருந்தவருக்கு 60,000 ரூபாய், ஆறு மாதம் இருந்தவருக்கு ஒரு லட்சம், கடந்த இரண்டு ஆண்டுகளில் ஓராண்டாவது இருந்தவருக்கு இரண்டு லட்சம், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் இருந்தவருக்கு ஐந்து லட்சம் என்று அது படிப்படியாக உயர்ந்தது. மேல்படிகளுக்கு, இடையில் எத்தனை நாள் ஊருக்கு வந்து போனார், முன்பு இதே சலுகையைப் பெற்றிருக்கிறாரா என்பன போன்ற நிபந்தனைகளும் இருந்தன. இதைக் கடைக்காரரிடம் பின்னர் சொன்னபோது, இப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

குடும்பக் கணக்கைப் பற்றிய வரி எனக்கு நேராகச் செலவு வைத்தது. ‘கணவன் மனைவி சேர்ந்து வந்தால் இருவர் தொகையையும் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று அட்டை சொல்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே பை, ஒரே பணம். ஆனால் விதி அதைத் தெளிவாக மறுக்கிறது: ஒரு பயணியின் சலுகையை இன்னொருவருடைய சலுகையோடு சேர்க்க முடியாது. ஊரில் இருக்கும் என் மகனுக்காக ஒரு கைபேசியைத் துபாயில் வாங்கினோம். ‘ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரம், இருவருக்கும் சேர்த்துத் தொண்ணூறாயிரம், கைபேசி அதற்குள் அடங்கிவிடும்’ என்ற கணக்கில் வாங்கியது அது. விதியைப் படித்தபோது கைபேசியின் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாகிவிட்டது. கடையில் திருப்பி எடுக்கவில்லை. பெங்களூரில் இறங்கியதும் சுங்கப் பகுதியின் சிவப்பு வழிக்குப் போய் அறிவித்தேன். என்னிடம் இருந்த ரசீதை வைத்து அதன் மதிப்பு 79,000 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். என் 50,000 கழிந்து மீதி 29,000 ரூபாய்க்கு 38.5 சதவீதம், அதாவது 11,165 ரூபாய். பக்கத்தில் நின்ற என் மனைவியின் பெட்டியில் பேரீச்சம்பழம், சாக்லேட், வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய்க்குள்தான் இருந்தன. அவருடைய சலுகையில் 32,000 ரூபாய் பயன்படாமல் கிடந்தது. அதை எனக்குக் கடனாகத் தர விதியில் இடமில்லை. ஊருக்கு வந்து விசாரித்தால், அதே கைபேசி எங்கள் ஊர்க் கடையிலேயே ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தது.

திரும்பும் வண்டியில் ஓட்டுநரிடம் இதைச் சொன்னபோது, ‘உங்க சிம்மைப் போட்டு, பழைய போன் மாதிரி பையில வச்சிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க சார்’ என்றார். அவர் சொன்னது நடைமுறையில் உண்மையாகவே இருக்கலாம். பயணி தானே பயன்படுத்தும் பொருள்களுக்கு வரி கேட்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரவும் விதி இடம் தருகிறது. ஆனால் அந்தக் கைபேசி எனக்கானதன்று, மகனுக்கானது. அதிகாரி கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் பிடிபட்டால் வரியோடு போகாது, பொருள் பறிமுதலும் அபராதமும் வரும் என்று 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் சொல்கிறது. சிவப்பு வழியில் எனக்கு ஆனது இருபத்தைந்து நிமிடம். என்னைத் திருடனைப் போல யாரும் பார்க்கவில்லை. பணத்தை வங்கி அட்டை மூலம் செலுத்தி, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். நம் ஊரில் ‘சிவப்பு வழி’ என்றால் மாட்டிக்கொள்கிறவர்கள் போகும் வழி என்ற எண்ணம் இருக்கிறது. அறிவித்து வரி கட்டுகிறவர்களுக்கான வரிசை அது, அவ்வளவே. அறிவிக்க எதுவும் இல்லாதவர் பச்சை வழியில் போகலாம். 2016 ஏப்ரலிலிருந்து அவர் சுங்கப் படிவம் நிரப்பவும் தேவையில்லை. முன்கூட்டியே அறிவிக்க விரும்புகிறவர்களுக்காக ‘அதிதி’ என்ற செயலியையும் 2019இல் சுங்க வாரியம் வெளியிட்டிருக்கிறது.

மூன்றாவது ஆபத்தான வரி, ‘டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியது கணக்கில் வராது’ என்பது. இந்தத் தவறான எண்ணம் அட்டையோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் வெளிநாடு போய்வந்த எல்லோருமே இப்படித்தான் நம்புகிறார்கள். பெயர்தான் ஏமாற்றுகிறது. புறப்படும் நாட்டின் விமான நிலையத்தில் இருக்கும் அந்தக் கடை, அந்த நாட்டின் வரியைத்தான் விலையிலிருந்து நீக்கியிருக்கிறது. வந்து இறங்கும் நாட்டின் வரிக்கு அந்தக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? துபாயில் வாங்கிய இரண்டு லிட்டரும் பெங்களூரில் இறங்கி, வருகைப் பகுதியில் உள்ள கடையில் வாங்கிய இரண்டு லிட்டரும் சேர்ந்தால் நான்கு லிட்டர்தான், சலுகை இரண்டுக்குத்தான். சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் அப்படியே அந்த 50,000 ரூபாய்க்குள் அடங்கியாக வேண்டியிருந்தது.

தொலைக்காட்சியைப் பற்றி அட்டை ‘32 இன்ச் வரை பரவாயில்லை’ என்கிறது. இந்த ‘பரவாயில்லை’ எந்தச் சட்டத்திலும் இல்லை. தட்டைத் திரைத் தொலைக்காட்சி 2013 ஆகஸ்ட் 26 முதல் பொதுச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை இன்ச் ஆனாலும், மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும், முதல் ரூபாயிலிருந்தே வரி இருந்தது. 20,000 ரூபாய்த் தொலைக்காட்சிக்கு 7,700 ரூபாய். கைக்குழந்தைக்கும் தனிப் பங்கு உண்டு என்று அட்டை சொல்வதும் தவறு. இரண்டு வயதுவரையான குழந்தைக்கு அது பயன்படுத்திய துணிமணிகள் போன்றவை மட்டுமே விலக்கு. அதன் பெயரில் கைபேசி கொண்டுவர முடியாது.

இதே கடை, ஆண்டுதோறும் நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்கு யாத்திரையும் நடத்துகிறது. அதில் போகிறவர்களுக்கும் இதே அட்டைதான். நேபாளம், பூடான், மியான்மர் ஆகிய நாடுகளிலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்குச் சலுகை அப்போது 15,000 ரூபாய் மட்டுமே. கோரக்பூர் வழியாகச் சோனௌலியில் தரைவழி எல்லையைக் கடந்து வருகிறவர்களுக்கோ, பயன்படுத்திய சொந்தப் பொருள்களுக்கு மட்டுமே விலக்கு. தருமபுரியிலிருந்து போன ஒரு யாத்திரைக் குழுவில் இருந்தவர்கள் கம்பளியும் உருத்திராட்சமும் வாங்கி நிறைத்துக்கொண்டு பேருந்தில் வந்ததாக அந்தக் கடையிலேயே பேச்சு அடிபட்டது. அவர்களை யாரும் சோதிக்காதது அவர்களுடைய நல்லநேரம்.

அட்டை எதுவும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது உறவினர் ஒருவரின் அனுபவம். வளைகாப்பில் போட்டுக்கொள்வதற்காக என் மனைவி தன் நான்கு பவுன் ஆரத்தை எடுத்துவந்தார். இங்கிருந்து எடுத்துப் போகும் நகையைப் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பும்போது அது வெளிநாட்டில் வாங்கியதன்று என்று நிரூபிக்கலாம். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்று சொன்னதும் ஓட்டுநர் மறுபேச்சின்றி நேரத்தை மாற்றிக்கொண்டார். ஜனவரியில் சிவப்பு வழியில் அதிகாரி ஆரத்தைப் பற்றிக் கேட்டபோது, அந்த ஒரு தாள் பேச்சை முடித்துவைத்தது. அட்டையில் இரண்டு வரி இதற்கு ஒதுக்கியிருந்தால், பட்டியலின் பாதிப் பிழைகளை மன்னித்திருப்பேன். வெளிநாட்டு நாணயத்தைப் பற்றியும் அதில் ஒன்றுமில்லை. நோட்டுகளாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேலோ, காசோலை முதலியவையும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ கொண்டுவந்தால் அறிவிக்க வேண்டும். இந்திய ரூபாயை 25,000க்கு மேல் எடுத்துப் போகவோ கொண்டுவரவோ கூடாது. மின்சிகரெட்டை 2019இலேயே நம் நாடு தடை செய்துவிட்டது என்பதையும், ட்ரோனைப் பொம்மை என்று நினைத்துக் கொண்டுவர முடியாது என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பொங்கல் கழிந்த வாரத்தில் கடைக்குப் போய், விதிகளின் அச்சுப்படியையும் நான் கையால் எழுதிய திருத்தங்களையும் கொடுத்தேன். கடைக்காரர் கோபப்படவில்லை. ‘அண்ணன் காலத்துல அடிச்ச அட்டை சார், ஒரு ஆயிரம் காப்பி மிச்சம் இருக்குது, தீர்ந்ததும் மாத்திடறேன்’ என்றார். ஆயிரம் அட்டை என்றால் ஆயிரம் குடும்பம், தம்பி, என்றேன். எனக்கு ஆன செலவைப் பற்றிச் சொன்னபோது, அடுத்த பயணத்தில் வண்டிக் கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்வதாகத் தானாகவே சொன்னார், நான் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று தொடக்கத்தில் எழுதியதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் இல்லை. ஆனால் வழிகாட்டுவதாகச் சொல்லி ஒரு தாளைத் தரும்போது, அது எந்த ஆண்டின் விதி, எந்த நாளில் சரிபார்க்கப்பட்டது என்ற இரண்டு செய்திகளை அதன் அடியில் அச்சடிப்பது மிகச் சிறிய செலவு. இந்த வரம்புகள் 2013, 2014, 2016 என்று அடிக்கடி மாறியிருக்கின்றன; நான் இங்கே எழுதியிருக்கும் விதிகளும் தொகைகளும் 2025 ஜனவரியில் இருந்தவையே. புறப்படுகிறவர்கள் சுங்க வாரியத்தின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பார்க்க அடுத்த முறை போகும்போதும் இந்தக் கடையில்தான் சீட்டும் வண்டியும் பதிவு செய்வேன். சென்ற வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மேசைமேல் அதே அட்டைக் கட்டு இருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: சிகரெட் 200 என்ற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, நீலப் பேனாவால் 100 என்று எழுதியிருந்தார்கள். ஐந்து பவுன் அப்படியே இருந்தது.